பெயருக்குப் பின்னால் எதைப் போடுவது?

கேள்வி: நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். பிஎஸ்சி நர்சிங் முடித்து, அப்புறம் எம்எஸ்சியும் படித்தேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், 'ஆஸ்பத்திரியில் வேலை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நர்ஸ் என்றால் 'அவ்வளவுதானா?' என்று பார்க்கிறார்கள். பட்டங்களை அடுக்கினால் தம்பட்டம் போல் இருக்கிறது. எங்களோடு வேலை பார்க்கும், நர்சிங்கில் முனைவர் பட்டம் வாங்கிய அக்கா ஒருவர் நோயாளிகளிடம் 'டாக்டர்' என்றே அறிமுகம் செய்துகொள்கிறார். எது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: 'ஆஸ்பத்திரியில் வேலை' என்பதை முதலில் விட்டுவிடுங்கள். 'நான் நர்ஸ். வென்டிலேட்டரில் இருக்கிற நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'அவ்வளவுதானா' என்று கேட்க யாருக்கும் வாய் வராது. ரத்த அழுத்தம் இறங்குகிறதா, சிறுநீர் எவ்வளவு பிரிந்தது என்று இரவெல்லாம் கவனித்து, நிலைமை கைமீறும் முன்பே டாக்டரைக் கூப்பிடுவது நீங்கள்தானே? அதைச் சொன்னால்தான் மற்றவர்களுக்கு உங்கள் வேலை புரியும். படிப்பைப் பற்றிக் கேட்டால் எம்எஸ்சியையும் தயங்காமல் சொல்லுங்கள். படித்ததைச் சொல்வதில் தம்பட்டம் எதுவும் கிடையாது.

விண்ணப்பம், கட்டுரை, பெயர் அட்டை ஆகியவற்றில் பட்டங்களைப் போடத்தான் வேண்டும். பட்டம் முதலில், பதிவு உரிமம் அடுத்து, சிறப்புச் சான்றிதழ் அதற்கும் பிறகு என்பது பரவலாக இருக்கும் வரிசை. வாங்கிய பட்டம் கடைசிவரை உங்களுடையது. உரிமத்தையும் சான்றிதழையும் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். அதனால்தான் இந்த வரிசை. நர்சிங்கிலேயே இரண்டு பட்டம் இருப்பதால் உயர்ந்ததை மட்டும் போட்டால் போதும். இன்னும் முடிக்காத படிப்பைப் போடவே கூடாது.

இடம் குறைவாக இருந்தாலும் 'பதிவு பெற்ற செவிலியர்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். செவிலியர் பதிவுக்கென்று தனிச் சட்டம் முதன்முதலில் வந்தது நியூசிலாந்தில், 1901-ல். அடுத்த ஆண்டே எலன் டோஹர்ட்டி அந்தப் பதிவேட்டில் முதல் ஆளாக இடம்பெற்றார். பிரிட்டனில் எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் போன்றவர்கள் பல ஆண்டுகள் வாதாடிய பிறகு, 1919-ல்தான் சட்டம் வந்தது. முறையாகப் பயிற்சி பெற்றவர் யார் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக உங்களுக்கு முன்னால் இருந்த நர்ஸ்கள் போராடி வாங்கியது அது.

நோயாளியின் பக்கத்தில் நிற்கும்போது இதெல்லாம் தேவைப்படாது. கேட் கிரேஞ்சர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 2013-ல் தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, சிகிச்சை தர வந்த பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாததைக் கவனித்தார். 'வணக்கம், என் பெயர் இன்னது' என்று தொடங்கும்படி ஒரு இயக்கத்தையே அவர் ஆரம்பித்தார். பெயர், நர்ஸ் என்ற விவரம், இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்பது: படுத்திருப்பவருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பிலும் கருத்தரங்கிலும் 'டாக்டர்' என்று சொல்லிக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு, உழைத்து வாங்கிய பட்டம். வார்டில் அப்படி மொட்டையாகச் சொன்னால், மருத்துவரே வந்து பார்த்துவிட்டார் என்று நோயாளி நினைத்துக்கொள்வார். மருத்துவரிடம் கேட்க வைத்திருந்ததைக் கேட்காமலே விட்டுவிடலாம். 'நான் நர்ஸ், நர்சிங்கில் முனைவர் பட்டம் பெற்றவள்' என்று சேர்த்துச் சொல்லும்படி தனியாக, மரியாதையாகப் பேசிப் பாருங்கள். சில இடங்களில் இதற்குச் சட்டக் கட்டுப்பாடே உண்டு. உங்கள் மருத்துவமனை விதி என்ன சொல்கிறது என்பதையும் பேசும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.