பட்டறை பதில்கள்: 9 லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ. வருகிறது, எடுக்கலாமா?

கேள்வி: 2013 மாடல் பி.எம்.டபிள்யூ. 320டி இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 62,000 கி.மீ. ஓடியது, 9 லட்சம், சர்வீஸ் பில் கிடையாது. இன்னொன்று 1,38,000 கி.மீ., 8 லட்சம், பில்கள் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கின்றன. வீட்டில் எல்லோரும் குறைவாக ஓடியதைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் கருத்து? (வாசகர், திருப்பூர்)

பில் இருக்கும் இரண்டாவது வண்டியைப் பாருங்கள். உங்கள் வீட்டாரிடம் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். பத்து வருடம் தாண்டிய வண்டி 62,000 என்றால் வருடத்துக்கு 6,000 கி.மீ. கூட வரவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 15 கி.மீ. ஒன்று, மீட்டரைத் திருத்தியிருப்பார்கள். இல்லையென்றால், பக்கத்துத் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய் வந்த வண்டி. டீசல் எஞ்சின் நன்றாகச் சூடாகி, நெடுஞ்சாலையில் மூச்சு விட்டு ஓட வேண்டிய ஜாதி. சூடாவதற்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்விலும், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டிலும் கரி ஏறும். அவற்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தார் பூசியது போல அடைத்துக் கிடக்கும். அப்புறம் பிக்-அப் இல்லை, மைலேஜ் இல்லை என்று ஷெட்டுக்கு வருவார்கள்.

இந்த வண்டியில் இருப்பது என்47 எஞ்சின். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின் இதற்கு முன்பக்கம் இல்லை. பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயினை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அல்லது எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். அதனால்தான் செயினின் விலையைவிடக் கூலி பெரிதாக நிற்கும். 2007 முதல் 2011 வரை வந்த எஞ்சின்களில் புகார் அதிகம். 2013-இல் வந்தது திருத்திய வடிவம்தான் என்றாலும், ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியை நான் நம்ப மாட்டேன். ஆயில் கெட்டால் செயின் தளரும், அதைத் தடத்தில் பிடித்திருக்கும் கைடு தேயும். ஓடும்போது செயின் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதோடு எஞ்சின் வேலை முடிந்தது. திரையில் சர்வீஸுக்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று காட்டினாலும் 10,000 கி.மீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியிருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள்.

பார்க்கப் போவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள், இன்னொரு நாள் போகலாம். ஆறிய எஞ்சினை வேறு ஒருவர் ஸ்டார்ட் செய்ய, நீங்கள் எஞ்சினின் பின்கோடியில், கண்ணாடிக்குக் கீழே காதைக் கொடுங்கள். டீசலின் வழக்கமான கடகடப்புக்கு நடுவே, சங்கிலி தகரத்தில் உரசும் 'சர்ர்' சத்தம் கேட்கிறதா? பிறகு மெதுவாக ஆக்ஸிலேட்டரை மிதித்து 1,500, 2,000 ஆர்.பி.எம். வரை ஏற்றச் சொல்லுங்கள். அந்த இடத்தில் சத்தம் கூடினால் விலை பேசவே வேண்டாம். சத்தமில்லை என்றால் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வருவது சகஜம். புகை குபுகுபுவென்று தள்ளிக்கொண்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டிகளில் ஓடிய தூரம் டாஷ்போர்டில் மட்டும் பதிவாவதில்லை, வேறு கண்ட்ரோல் யூனிட்டுகளிலும் இருக்கும். திருத்துபவர்கள் எல்லா இடத்திலும் திருத்த மெனக்கெடுவதில்லை. நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் ஷெட்டில் போட்டுப் பார்த்தால் முரண்பாடு தெரிந்துவிடும். கம்பெனி சர்வீஸ் செய்த வண்டி என்றால் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். அப்படியே ரீகால், அதாவது குறைபாட்டுக்காகக் கம்பெனியே திரும்ப அழைத்துச் செய்யும் வேலை, எதுவும் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2018-இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தது நினைவிருக்கலாம். அந்தப் புகையை ஆறவைக்கும் ஈ.ஜி.ஆர். கூலரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து, கரியோடு சேர்ந்து பற்றிக்கொண்டதுதான் காரணம். அந்த ஆண்டு அக்டோபரில் உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். வெளியே சொட்டு ஒழுகல் இல்லாமல் கூலன்ட் மட்டும் குறைகிற வண்டியைத் தொடாதீர்கள்.

கியர்பாக்ஸ் இசட்.எஃப். நிறுவனத்தின் 8 கியர் ஆட்டோமேட்டிக். அருமையான பெட்டி. 'ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்' என்று ஷோரூமில் சொன்னதை நம்பிப் பலரும் அதைத் தொடுவதே இல்லை. செய்த நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் அடித்தட்டோடு சேர்ந்தே வரும் என்பதால் தட்டையே மாற்ற வேண்டும். உங்கள் 1,38,000 கி.மீ. வண்டியின் ஃபைலில் அந்த பில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எதை வாங்கினாலும் ரிப்பேருக்கென்று கையில் 2 லட்சம் தனியாக இருக்கட்டும். அது இல்லாமல் இந்த வகை வண்டி வாங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: டெல்லியிலிருந்து வரும் டீசல் பென்ஸ், ஆடி எல்லாம் மிக மலிவாக இருக்கின்றனவே, ஏன்? (வாசகி, மதுரை)

10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதனால் அங்கே வயதான டீசலின் விலை சரிந்து, வண்டிகள் தெற்கே வர ஆரம்பித்தன. நெரிசலில் நின்று நின்று ஓடிய எஞ்சின்கள் இவை, கி.மீ. குறைவாக இருந்தாலும் எஞ்சின் ஓடிய நேரம் அதிகம். டிரிப் கம்ப்யூட்டரில் சராசரி வேகம் 18, 20 என்று நிற்கும். பழைய ஆடி 2.0 டி.டி.ஐ. என்றால் அதில் மல்டிட்ரானிக் என்ற சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸா என்று கேளுங்கள். மெதுவாகக் கிளம்பும்போது வண்டி உதறினால் வேண்டாம். தடையில்லாச் சான்று, நம்மூர் சாலை வரி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பி.எஸ்.6 மெர்சிடிஸ் இ 220டி வாங்கலாம் என்றிருக்கிறேன். வீட்டிலிருந்து அலுவலகம் 6 கி.மீ. (வாசகர், சென்னை வேளச்சேரி)

6 கி.மீட்டருக்கு டீசல் வேண்டாம், பெட்ரோல் பாருங்கள். சைலன்சர் வழியில் இருக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் சேர்த்த கரியைத் தானே எரித்துக்கொள்ள 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதற்குள் நீங்கள் அலுவலக வாசலில் இறங்கியிருப்பீர்கள். எரியும் வேலை பாதியில் நின்றால் டீசல் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். புகையைச் சுத்தப்படுத்தத் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்புளூ திரவத்தின் அமைப்பும் சேர்ந்து செலவு வைக்கும்.

வேளச்சேரி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் பெயிண்ட் அடித்துச் சந்தையில் நிற்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கேதான் மிஞ்சும். தரை விரிப்புக்கு அடியிலும் டிக்கியின் அடியிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்றால், ஐந்து வருடமாகக் கிளெய்ம் இல்லை என்று அர்த்தம். திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் எந்த மாதம், எதற்கு என்று கேளுங்கள்.

கேள்வி: பழைய டீசல் கார் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, வெள்ளைப் புகை. மேட்டுப்பாளையம் இறங்கினால் சரியாகிவிடுகிறது. (வாசகர், குன்னூர்)

ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக்தான் காரணமாக இருக்கும். சமவெளியில் இரண்டு பிளக் செத்தாலும் தெரியாது, மலைக் குளிரில்தான் காட்டிக்கொடுக்கும். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். கழற்றும் முன் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ரஸ்ட் ஆயில் விட்டு ஊறவைக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் பிளக், எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள் முறிந்து, ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.