விளையாடும் பிள்ளை அண்ணாவியாராக இருக்கட்டும்

மட்டக்களப்பின் படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஊர் வடமோடிக் கூத்தை வைத்துப் பிள்ளைகளோடு ஒரு கணினி விளையாட்டுச் செய்ய ஆசை. எனக்குப் புரோகிராமிங் தெரியாது. இருப்பது ஆறு பழைய கணினி, இணையம் வந்து வந்து போகும். அபிமன்யு கதையின் முடிவை விளையாடுகிறவரே மாற்றலாம் என்று வைத்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?"

ரீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அப்படி வைக்க வேண்டாம். சக்கரவியூகத்துக்குள் போன அபிமன்யு திரும்பமாட்டான் என்பது கூத்தாடும் களரியைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் விடிய விடிய இருந்து பார்க்கிறார்கள். ஒரு கிளிக்கில் அவனைக் காப்பாற்றிவிட்டால், அவர்கள் அழுத அழுகைக்கு இடமில்லாமல் போய்விடும்.

விளையாட்டு என்றால் தெரிவு வேண்டும், சரி. அந்தத் தெரிவுகளைக் கதைக்குள் தேடாமல், கூத்துப் பழகுகிற மாதங்களுக்குள் தேடுங்கள். சட்டங்கொடுத்தல் (யாருக்கு எந்த வேஷம் என்று தீர்மானித்து அதன் பாட்டுப் பிரதியைக் கொடுப்பது), கிழமைக்கூத்து (வாராந்த ஒத்திகை), அடுக்குப்பார்த்தல் (முழு ஒத்திகை), அரங்கேற்றம் என்று படிப்படியாக ஏறுகிற ஒழுங்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. விளையாட்டு வடிவமைப்பவர்கள் 'லெவல்' என்று சொல்வது இதைத்தான். விளையாடும் பிள்ளையை, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் இடத்தில் இருத்துங்கள். துரியோதனனின் சட்டத்தை யாருக்குக் கொடுப்பது? குரல் உள்ளவனுக்கு ஆட்டம் வராது, ஆட்டம் உள்ளவன் கிழமைக்கூத்துக்கு ஒழுங்காக வரமாட்டான், மூன்றாமவனின் தகப்பன் போன முறை அதே வேஷம் கட்டியவர். யாரைத் தெரிந்தாலும் ஒரு வீட்டில் மனக்குறை. அதன் பலன் அடுக்குப்பார்க்கும் நாளில் தெரிய வேண்டும். சரியான விடை என்று ஒன்று இருக்கக் கூடாது. கூத்தின் இரண்டு மரபுகளில் இது வடமோடியா தென்மோடியா என்று கேட்டுப் புள்ளி போடுகிற விளையாட்டு, கணினியில் ஏற்றிய வினாத்தாள்தான்.

கருவிக்கு ட்வைன் போதும். தெரிவுகளால் கிளைக்கும் கதைகளைச் செய்வதற்குக் கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. ஒருமுறை தரவிறக்கி நிறுவினால் இணையம் இல்லாமலே ஓடும். ஒவ்வொரு காட்சியும் ஒரு பெட்டி. அடுத்த பெட்டியின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் இரண்டும் இணைந்துவிடும். முடிந்ததும் உலாவியில் திறக்கும் எச்டிஎம்எல் கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் மற்றக் கணினிகளுக்குக் கொண்டுபோகலாம். உலாவிக்குள்ளேயே ட்வைனைத் திறந்து வேலை செய்தால் ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் கோப்பாகச் சேமியுங்கள். யாராவது உலாவியின் தரவுகளை அழித்தால் கதையும் சேர்ந்து போய்விடும்.

நம் பாடசாலைகளில் அதிகம் இடறுவது இன்னொன்று: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத திரையில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். முதல் நாளிலிருந்தே யுனிகோட்டில் தட்டப் பழக்குங்கள். பழைய கோப்புகளை மாற்றித் தரும் இலவச மாற்றிகள் உண்டு, ஆனால் மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

ஒலி கட்டாயம் வேண்டும். மத்தளமும் சல்லரித் தாளமும் இல்லாத கூத்து வெறும் வசனம். போனில் பதிந்தாலே போதும், ஒவ்வொரு தருவையும் (கூத்துப் பாட்டையும்) தனித்தனியாக, காற்று இரையாத இடத்தில். அந்த ஒலிக்கோப்புகள் எச்டிஎம்எல்லுக்குள் போய் ஒட்டிக்கொள்ளா, ஆகவே எப்போதும் ஒரே கோப்புறையில் வைத்து முழுக் கோப்புறையையும் பிரதி எடுங்கள். பதிவதற்கு முன் அண்ணாவியாரிடம் வீடு தேடிப் போய்க் கேளுங்கள். எந்தப் பாட்டு வெளியே போகலாம், எது வேண்டாம் என்பதை அவரே சொல்லட்டும். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். விளையாட்டின் முதல் திரையில் அவர் பெயரும் ஊர்ப் பெயரும் வரட்டும்.

முதல் தவணைக்குச் சட்டங்கொடுத்தல் மட்டும் செய்யுங்கள். கணினியைத் திறக்க முன், பதினைந்து அட்டைகளில் காட்சிகளை எழுதி வகுப்புத் தரையில் பரப்பி, நூலால் இணைத்து, பிள்ளைகளை நடந்து விளையாடவிடுங்கள். எந்த அட்டையில் வாக்குவாதம் வருகிறதோ, ட்வைனில் முதலில் ஏற்ற வேண்டியது அந்த அட்டையைத்தான்.