கஷாயம் குடிச்ச புள்ள

கேள்வி: எனக்கு வயசு 36, சென்னைல இருக்கோம். மூணு வருசமா புழுவெட்டு, இப்ப தலைல முடியே இல்லீங்க. ஃபைபர் விக் வெச்சுக்கறேன், வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தை மாசம் கொழுந்தனார் கல்யாணம், கோபி பக்கத்துல மாமியார் ஊட்டுல அஞ்சு நாள் இருக்கோணும். போன தடவை எல்லாரும் தூங்கினப்புறம் பாத்ரூம்ல விக்கை அலசினேன், எட்டு வயசு மக வெளிய நின்னு யாராச்சும் வந்தா இருமுவா. (அத்தை சளின்னு நெனச்சு அந்நேரத்துக்கு கஷாயம் காச்சிக் குடுத்துட்டாங்க, அவளும் குடிச்சுட்டா, ஒரே சிரிப்பு!) ஈரத்தோட கவர்ல சுத்தி வெச்சதுல விக்குல வாடை வேற. பயணத்துல இதை எப்படிப் பாத்துக்கறது?
- கோபி மருமகள்

பதில்: அம்மிணி, அடைப்புக்குள்ள ஒரு வரி போட்டு ஒரே சிரிப்புன்னு எழுதியிருக்கியே, எனக்கு அங்கயே நின்னுபோச்சு. எட்டு வயசுப் புள்ள தூக்கத்தை விட்டுட்டு இருட்டுல கதவுக்கு வெளிய நின்னு பொய்யா இருமி, அந்தப் பொய்யைக் காப்பாத்தறதுக்கு கசப்பு கஷாயத்தைக் கண்ணை மூடிட்டுக் குடிச்சிருக்கா. எனக்குச் சளி இல்லீங்க அப்பத்தான்னு வாய் வரைக்கும் வந்திருக்கும், உன்ற மொகத்தைப் பாத்துட்டு அதையும் சேத்து முழுங்கியிருப்பா. இதா சிரிப்பு? அம்மா தலைல இருக்கறது ஊருக்குத் தெரியக்கூடாத அசிங்கம்னு புள்ளைக்கு நீ வாயால சொல்லவே இல்ல, காவலுக்கு நிறுத்தியே சொல்லிட்ட. நாளைக்கு அவளுக்கே ஒண்ணுன்னா, யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டா, போ.

பெரியவங்க ரகசியத்துக்குப் பெரியவங்கதான் காவல் நிக்கோணும். உன்ற வீட்டுக்காரரு அன்னைக்கு எங்க இருந்தாரு? கடுதாசி முழுக்கத் தேடிட்டேன், அவருக்குத் தெரியும்ங்கறதோட சரி. அவரோட அம்மா, அவரோட ஊடு, அவரோட தம்பி கல்யாணம், ஆனா அவரு குறட்டை விட்டுட்டுக் கெடப்பாரு, புள்ள கதவுகிட்ட நிக்கும். நல்லா இருக்குது நாயம்.

அதே வரில இன்னொண்ணும் இருக்குது, உனக்குத்தான் தெரியலை. பேத்தி இருமற சத்தம் கேட்டு நடுராத்திரில எந்திரிச்சு அடுப்புப் பத்த வெச்சாங்களே, அந்த மனுசிக்குப் பயந்தா நீ ஒளியற? ஒறம்பரைக அத்தனை பேருக்கும் மைக் வெச்சுச் சொல்லுன்னு நான் சொல்லலை, அவுங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. ஆனா மூத்த மருமக ஒடம்புக்கு என்னன்னு மாமியாருக்குத் தெரியோணும், அது அவுங்க உரிமைன்னே நான் சொல்லுவேன், கோவம் வந்தா வரட்டும். ரயில் ஏறறதுக்கு முன்னாடியே உன்ற வீட்டுக்காரரு ஃபோன்ல சொல்லிரோணும். பேருதான் புழுவெட்டு, புழுவும் இல்ல பூச்சியும் இல்ல, நம்ம ஒடம்போட எதிர்ப்புச் சக்தியே தப்பா நெனச்சுட்டு முடி வேரைத் தாக்கறது, சீப்பு தலைகாணி வழியா யாருக்கும் ஒட்டாது, இவ்வளவு சொன்னாப் போதும். சின்ன வெங்காயத்தை அரைச்சுத் தேய்ன்னு அவுங்க கெளம்புனா, டாக்டரைப் பாத்துட்டு இருக்கோம்னு சொல்லட்டும். பாக்காம இருந்தா மொதல்ல போய்த் தோல் டாக்டரைப் பாரு. முடி ரொம்பக் கொட்டினவங்களுக்குன்னு 2022ல அமெரிக்காவுல பாரிசிட்டினிப்ங்கற மாத்திரைக்கு அனுமதி குடுத்தாங்க, உனக்கு அது ஆகுமா ஆகாதான்னு டாக்டர்தான் சொல்லோணும். பழனில மொட்டை போட்டேன்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம்னு மட்டும் நெனச்சுராத, முருகனையும் கொண்டுபோய்க் காவலுக்கு நிறுத்தாத.

எங்க அம்மாயிக்கு ஒரு சவுரி இருந்துச்சு. அதை அலசி பொடக்காணிக் கொடில துண்டுக்கும் பாவாடைக்கும் நடுவுல ஊரே பாக்கத் தொங்க விடுவாங்க, ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல.

சரி, விக்குக்கு வர்றேன். அங்க போய் அலசறதே வேண்டாத வேலை, ஃபைபர் விக்கை எட்டு பத்துத் தடவை போட்டப்புறம் அலசினாப் போதும், அதனால கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பச்சைத் தண்ணில கொஞ்சம் ஷாம்பு கலந்து முக்கி எடுத்து, கசக்காம முறுக்காம துண்டுல வெச்சு ஒத்தி, நெழல்ல நல்லாக் காய வெச்சுட்டு, காஞ்சப்புறம்தான் சீப்பை எடுக்கோணும், அதுவும் நுனில ஆரம்பிச்சு மேல போகோணும். வேர்வையக் குடிக்கறது உள்ள போடற பருத்தித் தொப்பி, அது அஞ்சு வாங்கிக்கோ, தெனம் ஒண்ணு, தொவைச்சுக் கொடில போட்டா கைக்கொழந்தை தொப்பின்னு நெனச்சுக்குவாங்க. பொழுதோட கழட்டினதும் உள்பக்கத்தை ஈரத் துணில தொடைச்சு, தூக்குப் போசியக் கவுத்து அதுமேல மாட்டி ஃபேன் காத்துல விடு. கவர்ல ஈரத்தோட சுத்தினா வாடை வராம மல்லிப்பூவா மணக்கும்? இதெல்லாம் மீறி அலசியே ஆகோணும்னா போர் தண்ணில அலசாத, உப்புக்கு முடி வெறைச்சுக்கும், ஆத்துத் தண்ணி வர்றப்போ ஒரு பக்கெட் புடிச்சு வெச்சுக்கோ. தேங்காண்ணெய் பக்கமே போகாத.

சேரன் ரயில்லயோ நீலகிரி ரயில்லயோதான வருவீங்க, ராத்திரி படுக்கறப்போ கழட்டிட்டுப் பருத்தி ஸ்கார்ஃப் கட்டிக்கோ. விக்கை ரெண்டு காதுப் பக்கமும் சேர்ற மாதிரி மடிச்சு ஹேர்நெட் போட்டு, வழுவழுன்னு இருக்கற சாட்டின் பைல வெச்சு, அமுங்காத டப்பால போட்டுத் தலைமாட்டுல வெச்சுக்கோணும், பெர்த்துக்கு அடில சூட்கேஸ்ல திணிச்சா ஈரோடு வர்றப்போ காக்காக்கூடு மாதிரி இருக்கும். வெய்யல்ல நிக்கற கார்லயும் விட்டுராத.

கல்யாணத்துல ரெண்டே எடத்துலதான் ஆபத்து. ஒண்ணு சமையல் பந்தல், கொதிக்கற அண்டா மேல குனிஞ்சு உப்புப் பாக்கப் போனா அந்த ஆவிக்கே முன்முடி பொசுங்கின மாதிரி சுருண்டுக்கும், அப்புறம் அதைப் பழையபடி நேராக்கறது கஷ்டம், அதனால மூத்த மருமகன்னு கரண்டியத் தூக்கிட்டுக் கெளம்பிராத, பந்தி விசாரிக்கற வேலைய எடுத்துக்கோ. இன்னொண்ணு பூவு. மாப்பிள்ளையோட கூடப் பொறந்தவ செய்யற இணைச்சீருக்கு நாத்தனாரு உக்கார்றப்போ உனக்கும் யாராச்சும் ஒரு பந்து பூவை இழுத்து வெப்பாங்க, கனத்துக்கு விக்கே பின்னாடி நழுவும், அதனால ரெண்டு முழத்தை விக்கோட அடிவலையோட சேத்து ஹேர்பின் குத்திட்டு அப்புறமா விக்கைத் தலைல மாட்டிக்கோ. ஏற்கனவே வெச்சாச்சுங்கன்னு சொல்லிறலாம்.

டப்பாவ உன்ற வீட்டுக்காரரு தூக்கட்டும், புள்ள கைல குடுக்காத. போய்ச் சேந்த அன்னைக்கே அந்தக் கஷாயக் கதைய நீயே அத்தைகிட்டச் சொல்லு, மகளைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டுச் சொல்லு. கண்டிப்பா திட்டுவாங்க. வாங்கிக்கோ.