85-க்கும் 4.5-க்கும் நடுவே: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு உதவித்தொகை – கேள்வி பதில்

கே (சேலம்): ஆண்கள் டென்னிஸுக்கு 4.5 ஸ்காலர்ஷிப் என்கிறார்கள். அரை ஸ்காலர்ஷிப்பை யாருக்குக் கொடுப்பார்கள்?

அது ஆள் கணக்கு இல்லை, பணக் கணக்கு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் முதல் பிரிவில் 2024-25 கல்வியாண்டு வரை இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று ஹெட்கவுன்ட். இதில் ஒருவருக்கு நூறு டாலர் கொடுத்தாலும் ஓர் இடம் கழிந்துவிடும். அதனால் கோச்சுகள் கொடுப்பதை முழுதாகவே கொடுத்தார்கள். உயர்மட்டக் கல்லூரிகளின் ஃபுட்பால் (அமெரிக்க வகை, நம் கால்பந்து இல்லை) 85, ஆண்கள் கூடைப்பந்து 13, பெண்கள் கூடைப்பந்து 15, பெண்கள் வாலிபால் 12, பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் 12, பெண்கள் டென்னிஸ் 8. இந்த ஆறுதான்.

மற்றவை எல்லாம் ஈக்விவலன்சி. 4.5 பேரின் முழுச் செலவுக்கான தொகையை கோச் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம்: ஒருவருக்கு 80%, இன்னொருவருக்கு 30%, ஒருவருக்கு ஒன்றுமில்லை. பேஸ்பாலில் 11.7-ஐ நீண்ட காலம் 27 பேர் வரை பங்கிட்டார்கள். சராசரி ஆளுக்கு 43%. ஆண்கள் தடகளத்துக்கு 12.6. வெளியரங்க சாம்பியன்ஷிப்பில் மட்டும் 21 போட்டிகள். உள்ளரங்கமும் கிராஸ் கன்ட்ரியும் அதே 12.6-க்குள்தான் அடக்கம். போல்வால்ட் (கோலூன்றித் தாண்டுதல்) ஆடுபவருக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள்.

கே (கோவை): மகனுக்கு 50% தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். நல்ல வாய்ப்புதானே?

எதில் 50%? கல்விக் கட்டணத்திலா, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் சேர்ந்த மொத்தச் செலவிலா? இதை எழுத்தில் வாங்காமல் தலையாட்டாதீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக்கு 30,000 டாலர், வெளியாருக்கு 60,000 என்று வையுங்கள். உங்கள் மகன் 50% வாங்கியும் 30,000 கட்டுவான். ஒரு பைசா உதவி இல்லாத உள்ளூர்ப் பையனும் அதேதான் கட்டுகிறான். அதனால் சதவீதத்தை விடுங்கள், கையிலிருந்து போகும் டாலரைக் கேளுங்கள். கல்வித் தகுதிக்கான உதவித்தொகை தனியாக உண்டா என்றும் கேளுங்கள். அது கோச்சின் கணக்கில் ஏறாது என்பதால் நல்ல மார்க் உள்ள பையனை கோச்சுக்குப் பிடிக்கும்.

கே (திருச்சி): முழு ஸ்காலர்ஷிப் உண்டா?

விளையாட்டைச் சொல்லாமல் கேட்டால் என்ன சொல்ல? முதல் பதிலைப் பாருங்கள்.

கே (சென்னை): பெண்களுக்கு 8, ஆண்களுக்கு 4.5. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ன் டைட்டில் நைன் சட்டம் ஆண்கள் டென்னிஸைப் பலி கொடுத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள ஏன் தயக்கம்?

தயக்கமில்லை, அது தவறு. 4.5 என்ற எண் அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. வரம்புகளை வைத்தது என்சிஏஏவின் உறுப்புக் கல்லூரிகள். சட்டம் ஒவ்வொரு விளையாட்டாகப் பார்ப்பதில்லை, மொத்தத்தைப் பார்க்கிறது. விளையாடுபவர்களில் 45% பெண்கள் என்றால் உதவிப் பணத்திலும் ஏறக்குறைய 45% அவர்களுக்குப் போக வேண்டும். ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால் காரணம் கேட்பார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பெண்கள் கூடைப்பந்து 15, வாலிபால் 12, சாஃப்ட்பால் 12, டென்னிஸ் 8, கோல்ஃப் 6, தடகளம் 18, கால்பந்து 14. ஏழும் சேர்ந்தால் 85. ஒரே ஒரு ஃபுட்பால் அணியின் எண்ணிக்கை அது! ஆண்கள் பக்கத்துப் பந்தியில் முதல் ஆளே அண்டாவைக் காலி செய்துவிட்டு, எதிர்வரிசைப் பெண்களைக் கைகாட்டுவது என்ன நியாயம்?

கே (அதே சென்னை நண்பர்): ஃபுட்பால்தானே சம்பாதிக்கிறது? சம்பாதிப்பவனுக்கு அதிகம் போவதில் என்ன தப்பு?

வருமானம் அதிகப் பணத்துக்கான வாதம், அதிக ஆளுக்கான வாதம் இல்லை. களத்தில் ஒரு நேரத்தில் 11 பேர். தாக்கும் அணியும் தடுக்கும் அணியும் சேர்ந்து 22. தொழில்முறை என்எஃப்எல்லின் பட்டியலே 53 பேர், பயிற்சிக் குழு தனி. 1973-ல் 105 என்று வரம்பு வைத்து, பிறகு 95, 90-களில் 85 என்று குறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டம் அழிந்துவிடும் என்று கூப்பாடு எழுந்தது, அழியவில்லை. கல்லூரி அணி காயம்பட்டவருக்குப் பதிலாக சீசன் நடுவே வெளியிலிருந்து ஆள் எடுக்க முடியாது என்பது மட்டும் நியாயமான வாதம். அதற்காக 60 வேண்டும் என்றால் சரி, 85 ஏன்?

கே (மதுரை): 2025-ல் வரம்பெல்லாம் நீங்கிவிட்டதாமே?

பாதி உண்மை. என்சிஏஏ மீது கல்லூரி வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6-ல் ஒப்புதல் தந்தார். அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு போய், அணிப்பட்டியல் வரம்பு வந்தது: ஃபுட்பால் 105, பேஸ்பால் 34, தடகளம் 45, டென்னிஸ் இருபாலருக்கும் 10. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் முழுதாகக் கொடுக்கலாம்.

கொடுக்கலாம் என்பதால் கொடுப்பார்கள் என்று அர்த்தமில்லை. அதே சமரசம் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரவும் வழி செய்தது. முதல் ஆண்டில் வீரர்களுக்குப் பகிரும் பணத்தின் உச்சவரம்பு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர். புதிதாகச் சேர்க்கும் உதவித்தொகையில் 25 லட்சம் டாலர் வரை அதிலேயே கழியும். ஆக, டென்னிஸுக்குக் கூட்டும் ஒவ்வொரு டாலரும் ஃபுட்பால் வீரருக்குப் போகக்கூடிய டாலர். எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டுமா? அணிப்பட்டியல் வரம்பால் அடி வாங்கியவர்கள் உதவியே வாங்காமல் அணியில் இருந்த வாக்-ஆன் பிள்ளைகள். ஏற்கெனவே நீக்கப்பட்டவர்களுக்கு விலக்கு தர வழி செய்த பிறகுதான் நீதிபதி கையெழுத்திட்டார். சமரசத்தில் சேராத கல்லூரிகளில் பழைய எண்களே. கோச்சிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

கே (ஈரோடு): முழு ஸ்காலர்ஷிப் வாங்கினால் வரி உண்டா?

கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்கான பகுதிக்கு உண்டு. எஃப்-1 (மாணவர்) விசாக்காரருக்குப் பொதுவாக 14% பிடிப்பார்கள். விசா கேள்விகளைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கே (சென்னை): ஸ்குவாஷ்? வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவில் ஆடினாரே?

கொலம்பியா, ஐவி லீக் எனும் எட்டுக் கல்லூரிகளில் ஒன்று. அந்த எட்டிலும் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது; குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி உண்டு. ஆட்டம் இடம் கிடைக்க உதவும், பணம் கிடைக்க உதவாது. வருமானச் சான்றுகளைச் சீக்கிரம் எடுத்து வையுங்கள்.

கே (தஞ்சாவூர்): 70% தருகிறார்களாம், போகலாமா?

எதில் 70%?