ரோமானிய இடிபாடுகள் வழியா மூணு நாலு நாள் நடக்கணும்னா எங்க போகலாம், எப்படி பிளான் பண்றது?

இங்கிலாந்து நியூகாசில்ல வேலை பாக்கறீங்க, நாலு நாள் லீவு இருக்கு, பழைய ரோமானிய சுவர் கோட்டைன்னு பாத்துட்டே வயக்காட்டு வழியா நடக்கணும்னு கேட்டிருக்கீங்க. வேற எங்கயும் தேடவே வேண்டாங்க, ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் கட்டச் சொன்ன ஹேட்ரியன் சுவர் உங்களுக்குப் பக்கத்துலயே இருக்கு. ஆனா முழுசா நடக்க முயற்சி பண்ணாதீங்க, நடுப்பகுதிய மட்டும் எடுத்துக்கோங்க.

மொத்தப் பாதை 135 கிலோமீட்டர், கிழக்க வால்செண்ட்ல ஆரம்பிச்சு மேற்க போனெஸ்-ஆன்-சால்வேங்கற கடலோர ஊர் வரைக்கும் போகும், நிதானமா நடந்தா ஒரு வாரம் ஆயிடும். ரெண்டு கோடிலயும் நாள் பூரா நடந்தாலும் சுவர் கண்ணுல படறது அபூர்வம். கி.பி. 122ல கட்ட ஆரம்பிச்ச சுவர், பின்னாடி வந்தவங்க வீடு, சர்ச், வேலின்னு எல்லாத்துக்கும் அதுலேந்து கல்ல எடுத்துட்டாங்க, 1745ல ராஜாவுக்கு எதிரா நடந்த கலகத்துக்கு அப்புறம் ராணுவ ரோடு போடறப்ப பல மைல் தூரத்துக்கு சுவர இடிச்சு அந்தக் கல்லயே ரோட்டுக்கு அடில போட்டாங்க. நடுவுல இவ்வளவு மிஞ்சினதுக்குப் பெரிய காரணம் ஜான் கிளேட்டன், 19ம் நூற்றாண்டு நியூகாசில் வக்கீல், சுவர் இருக்கற நிலத்த எல்லாம் ஒவ்வொண்ணா விலைக்கு வாங்கிக் காப்பாத்தினவரு. எனக்கு அவர் மேல ரொம்ப மரியாதை.

நானும் என் மனைவியும் முதல் தடவ போனப்ப கிலோமீட்டர மட்டும் வச்சு பிளான் போட்டோம், ஒரு நாளைக்கு 25ன்னு. ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கு வந்து சேரும்போது கேட்ட பூட்டிட்டாங்க. அவ்வளவு தூரம் வந்து வெளிலேந்து எட்டிப் பாத்துட்டுத் திரும்பினது இன்னிக்கும் வருத்தமாத்தான் இருக்கு. அதனால முதல்ல எந்தெந்த இடத்துல உக்காந்து பாக்கணும்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் தூரத்தப் பிரிங்க. ரெண்டாவது தடவ நாங்க அப்படித்தான் போனோம், அதையே சொல்றேன்.

மேற்குலேந்து கிழக்க நடங்க, அங்க காத்து பெரும்பாலும் தென்மேற்குலேந்து அடிக்கும், மழை மூஞ்சில அறையாம முதுகுல விழும். ரயில்ல ஹால்ட்விசில்ல இறங்கி பஸ்லயோ டாக்சிலயோ பேர்டாஸ்வால்ட் கோட்டைக்குப் போயிடுங்க (பஸ் எல்லா நேரமும் இருக்காது, முன்னாடியே டைம்டேபிள் பாத்துக்கோங்க). முதல் நாள் அங்கேந்து ஒன்ஸ் பிரூட்ங்கற சின்ன ஊர் வரைக்கும் சுமாரா 16 கிலோமீட்டர். கொஞ்ச தூரத்துலயே வில்லோஃபோர்ட்ல ரோமானியப் பாலத்தோட அடிக்கட்டுமானம் புல்வெளி நடுவுல தனியா நிக்கும், ஏன்னா இந்த 1900 வருஷத்துல ஆறு தள்ளிப் போயிடுச்சு. வால்டவுன் தாண்டினதும் ஏத்த இறக்கம் ஆரம்பிக்கும், கரும்பாறை முகட்டு மேலயே சுவர் போகும், வடக்குப் பக்கம் செங்குத்தா பள்ளம், வின்ஷீல்ட்ஸ்ல 345 மீட்டர், பாதையோட உச்சி அதுதான். மேப்புல 16ன்னு பாத்து ஏமாறாதீங்க, முட்டிக்கு 25 கிலோமீட்டர் மாதிரி தெரியும்.

ரெண்டாவது நாள் நடக்கவே நடக்காதீங்க. பக்கத்துல இருக்கற விண்டோலாண்டாவுக்கு முழு நாளயும் குடுங்க. சுவர் கட்டறதுக்கு முன்னாடியே இருந்த கோட்டை அது, ஈர மண்ணுல காத்து புகாததால மரம், தோல் எல்லாம் அழுகாம கிடைச்சிருக்கு, ஆயிரக்கணக்குல செருப்பு, 1973லேந்து மெல்லிசு மரத் தகட்டுல மையால எழுதின கடுதாசிங்க. ஒரு அதிகாரியோட பொண்டாட்டி இன்னொரு அதிகாரியோட பொண்டாட்டிய பொறந்தநாளுக்குக் கூப்பிடறா, கடைசில தன் கையாலயே ரெண்டு வரி சேத்து எழுதியிருக்கா. இன்னொண்ணுல சாக்ஸும் ஜட்டியும் அனுப்பியிருக்கேன்னு யாரோ எழுதறாங்க. என்னைய அப்படியே நிறுத்தினது ஒரு கணக்குச் சீட்டு, கம்பாக்ஸ்னு ஒருத்தன் ரெண்டு தினாரியஸுக்கு (ரோமானிய வெள்ளிக் காசு) மிளகு வாங்கினதா அதுல இருக்கு. மிளகு அந்தக் காலத்துல வேற எங்கேந்து போயிருக்கும், நம்ம மேற்குக் கடற்கரைதான், யவனர் கப்பல் முசிறிக்குப் பொன்னோட வந்து கறியோட (மிளகுக்குப் பழைய பேர்) திரும்பிச்சுன்னு சங்கப்பாட்டுல படிச்சோம்ல, அந்தச் சரக்கு கடைசியா வந்து சேந்த குளிரெடுத்த மூலை இதுதான்னு நினைச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஒரிஜினல் சீட்டுங்க முக்கால்வாசி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, சிலத மட்டும் இங்க வச்சிருக்காங்க.

மூணாவது நாள் காலைல சீக்கிரம் கிளம்புங்க, செஸ்டர்ஸ் கோட்டை வரைக்கும் சுமாரா 19 கிலோமீட்டர். முதல் அஞ்சு கிலோமீட்டர்தான் மொத்த டூர்லயே அழகு. 2023 செப்டம்பர்ல ராத்திரியோட ராத்திரியா வெட்டிப் போட்ட, பேர் போன சிகமோர் கேப் மரம் இருந்த பள்ளம் இந்த வழிலதான் வரும், அடிமரத்துல மறுவருஷமே துளிர் விட்டுச்சு. ஹவுஸ்டெட்ஸ்ல ரெண்டு மணி நேரமாவது இருங்க, சிப்பாய்ங்க வரிசையா உக்காந்த கழிப்பறை, தண்ணி ஓடின வாய்க்காலோட அப்படியே இருக்கு. அப்புறம் கரோபர்க்ல சின்ன மித்ராஸ் (ரோமானியச் சிப்பாய்ங்க கும்பிட்ட சாமி) கோவில் வரும், நிறைய பேர் கவனிக்காம தாண்டிப் போயிடறாங்க, அஞ்சு நிமிஷம் உள்ள நில்லுங்க. ஹவுஸ்டெட்ஸ் தாண்டினா வழில கடைய நம்ப முடியாது, சாப்பாடு தண்ணி கையோட வச்சுக்கோங்க, நாங்க எலுமிச்சை சாதம் கட்டிட்டுப் போனோம்.

மே லேந்து அக்டோபருக்குள்ள போங்க. குளிர்காலத்துல பாதைல புல்லு நனைஞ்சு சேறாகும், அந்தச் சேத்துக்கு அடில இன்னும் தோண்டாத ரோமானிய மிச்சம் இருக்கு, நம்ம பூட்ஸ் பட்டா அதுவும் கெடும். அதே காரணத்துக்காக சுவர் மேல ஏறி நடக்கவே கூடாது, போட்டோவுக்குக் கூட வேண்டாம். கன்னுக்குட்டியோட மாடு நின்னா சுத்திப் போங்க, தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல புகுந்துடாதீங்க, நீங்க திறந்த கேட்ட மூடிட்டுப் போங்க.

செஸ்டர்ஸ்ல ஆத்தோரமா குளியல் கட்டடம் இருக்கு, ஏழு மாடம் வரிசையா இருக்கற அறை, அங்க உக்காந்து பூட்ஸ கழட்டிட்டு மிச்ச சாதத்த சாப்பிடுங்க, ஹெக்சம் ஸ்டேஷன் அங்கேந்து ஏழெட்டு கிலோமீட்டர், பஸ்லயோ டாக்சிலயோ போயிடுங்க. எந்த மாசம் போறீங்கன்னு சொன்னா தங்கற இடம் பத்தியும் எழுதறேன், ஒன்ஸ் பிரூட் பக்கம் ரூம் சீக்கிரம் தீந்துடும்.