128-ஐ 320 ஆக்கித் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்

கேள்வி: என்னிடம் 150 கர்நாடக இசை சிடிக்கள் உள்ளன. அவற்றிலிருந்து முன்பே எடுத்த 128 கேபிபிஎஸ் பிட்ரேட் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3-களும் இருக்கின்றன. காரிலும் போனிலும் கேட்க, இந்த எம்பி3-களை 320 ஆகவோ ஃபிளாக் (ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) ஆகவோ மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டுமே தண்டச் செலவு. 128-க்குச் சுருக்கியபோதே ஒலியின் ஒரு பகுதி போய்விட்டது, அது திரும்பாது. 320 ஆக்கினால் கோப்பு இரண்டரை மடங்கு பெருக்கும், ஒலி இன்னும் கொஞ்சம் கெடும். ஃபிளாக் ஆக்கினால் கெடாது, தேறவும் தேறாது. பென்டிரைவில் நிரப்பி 'ஒரிஜினல் ஃபிளாக்' என்று விற்பதிலும் இந்தச் சரக்கு உண்டு. ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் அறுத்ததுபோல் கறுப்பாக இருந்தால், பெரும்பாலும் 128 போன்ற குறைந்த பிட்ரேட்டில் பிறந்ததுதான்.

கையில் சிடி இருக்கிறதே! எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற, சிடியிலிருந்து பாட்டை எடுக்கும் கணினி மென்பொருள் கொண்டு நேராக ஃபிளாக் எடுங்கள். சிடிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் சுமார் 50 ஜிபி வரும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். அதிலிருந்து காருக்கு 256 எம்பி3 செய்துகொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு 115 எம்பி, எல்லாம் சேர்த்து 18 ஜிபிக்குள் அடங்கும். ஆண்ட்ராய்டு போன் ஃபிளாக்கையே பாடும். ஐபோன் மியூசிக் செயலிக்கு ஆலாக் (ஃபிளாக் போன்ற ஆப்பிளின் வகை) ஆக மாற்றுங்கள்; தரம் குறையாது.

ராகம் தானம் பல்லவிக்கு மட்டும் தனி கவனம் வேண்டும். சிடியில் அது மூன்று டிராக்காக இருந்தாலும் இடைவெளியில்லாமல் ஓடும். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு டிராக்கின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழித்துப் பாடத் தெரியாத கார் பிளேயரில், தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் தம்பூரா சட்டென்று அறுந்து மறுபடி வரும். பிட்ரேட்டை ஏற்றினாலும் இது போகாது. அந்த மூன்று டிராக்கையும் சேர்த்து ஒரே கோப்பாக எடுத்து, பிறகு எம்பி3 ஆக்குங்கள். ஆலாபனையும் கீர்த்தனையும் தனித்தனி டிராக்காக இருந்தாலும் இதே வழிதான்.

பென்டிரைவ் 32 ஜிபி போதும், ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜிபி பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வரும். பழைய கார் பிளேயர்கள் அதைக் கண்டுகொள்ளாது. லட்சக்கணக்கில் விலை சொல்லும் கார் கம்பெனிக்கு, எந்தெந்த ஃபார்மட் பாடும் என்று கையேட்டில் தெளிவாக ஒரு வரி போட மனமில்லை. ஆகவே 150 சிடியையும் மாற்றுவதற்கு முன், ஒரே ஒரு சிடியை மட்டும் மாற்றி, பென்டிரைவில் ஏற்றி காரில் ஓடவிட்டுப் பாருங்கள்.