கம்பெனிப் பணமும் முதலாளியின் பணமும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இல்லை. பழைய மாணவர்கள் நாங்கள் தற்காலிகமாக ஒருவரை வைத்துச் சம்பளம் கொடுக்கிறோம். உதவி கேட்டு ஒரு தொழிலதிபரிடம் போனோம். "கம்பெனி சிஎஸ்ஆரில், அதாவது சமூகப் பொறுப்பு நிதியில், எழுதிப் போடுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அந்தக் காலத்தில் கல்லூரியே கட்டிக் கொடுத்தார்களே, இன்று பணக்காரர்களுக்கு மனம் சுருங்கிவிட்டதா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. விப்ரோ பங்குகளில் 67 சதவீதத்தின் பலனை 2019-க்குள் அறப்பணிக்கு எழுதிவைத்தவர் அசீம் பிரேம்ஜி.

ஆனால் 2014 ஏப்ரலுக்குப் பிறகு ஒன்று மாறியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது பங்குதாரர்கள் எல்லோருக்கும் சொந்தமான பணம். "அதான் சிஎஸ்ஆர் செய்கிறோமே" என்று முதலாளி சொல்லும்போது, அவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியது சத்தமில்லாமல் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பணத்துக்கு வேறு கட்டுகளும் உண்டு. ஒரு திட்டம் தொடங்கிய ஆண்டு போக, மூன்றாண்டுக்குள் முடிய வேண்டும். வைப்பு நிதியாகப் போட்டு வட்டியில் சம்பளம் கொடுக்கலாம் என்றால், 2021 முதல் அதற்கும் இடமில்லை. ஆகவே கழிப்பறை கிடைக்கும், ஸ்மார்ட் போர்டு கிடைக்கும், சுவரில் லோகோ போட்ட பலகையும் வரும். ஐந்தாம் வருஷம் கணக்கு வாத்தியாருக்கு யார் சம்பளம் தருவது?

அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அப்புறம் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் ஆய்வகம் திறந்தது. கொடுத்தபின் அது நாட்டின் சொத்து. அவர் 1957-இல் மறைந்தார், ஆய்வகம் இன்றும் நடக்கிறது. பழைய தர்மம் எல்லாமே இப்படி என்று சொல்லவில்லை. எத்தனையோ சத்திரங்களில் சாதி பார்த்துத்தான் பந்தி போட்டார்கள். ஆனால் கொடுத்தவர் காலத்துக்குப் பிறகும் நடக்க வேண்டும் என்ற நினைப்பு அன்று இருந்தது.

அந்தத் தொழிலதிபரிடம் மறுபடி போங்கள். வகுப்பறையும் ஆய்வுக்கூடமும் கம்பெனியிடம் கேளுங்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு வைப்பு நிதியை அவருடைய சொந்தப் பணத்திலிருந்து கேளுங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு, எவ்வளவு போட்டால் வட்டி அதற்குக் கட்டும், ரசீது எந்த அறக்கட்டளை பெயரில் என்று ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.